'வெறும் தலைவலிதானே'ன்னு விட்டுடாதீங்க... ரத்தப் புற்றுநோயாளிகளின் மூளைச் சிரையில் வரும் ரத்தக்கட்டி!

1856-ம் ஆண்டு ஜூலை 1-ம் தேதி, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் சென்னை ராயபுரத்திலிருந்து கிளம்பி வாலாஜா ரோடு வரைக்கும் வந்து நின்றது. வாலாஜாபேட்டைக்காரர்களுக்கு இதில் ஒரு தனிப் பெருமை உண்டு. அதே 1856-ல் ஜெர்மனியில் ருடால்ஃப் விர்ச்சோ என்ற மருத்துவர், ரத்தம் ஏன் ரத்தக்குழாய்க்குள்ளேயே உறைந்துபோகிறது என்பது பற்றிய தன் கட்டுரைகளைப் புத்தகமாக வெளியிட்டார். 'த்ராம்போசிஸ்' என்று இன்றைக்கு ரிப்போர்ட்டில் போடுகிறார்களே, அந்தச் சொல்லை மருத்துவத்தில் நிலைக்க வைத்தவர் அவர். அதற்குச் சுமார் பத்து வருடத்துக்கு முன்னால் 'லுகேமியா' என்று ரத்தப் புற்றுநோய்க்குப் பெயர் வைத்தவரும் அவரேதான்.

அவர் பெயர் வைத்த இந்த ரெண்டு பிரச்னையும் ஒரே ஆளிடம், அதுவும் மூளைக்குள்ளே சந்தித்துக்கொண்டால் என்ன ஆகும்? உங்க வீட்டிலோ, ஃப்ரெண்ட்ஸ் வட்டத்திலோ, கூட வேலை பார்க்கிறவர்களிலோ யாராவது ரத்தப் புற்றுநோய்க்கு சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தால், ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கி இதைப் படிங்க. ஏன்னா, இந்தப் பிரச்னையில் முதலில் வருவது பெரும்பாலும் ஒரு சாதாரணத் தலைவலிதான். தைலம் தேய்த்து, மாத்திரை போட்டு, நாலு நாள் ஓட்டிவிடக்கூடிய தலைவலி. அந்த நாலு நாள்தான் இங்கே பிரச்னையே.

மூளைக்குப் போகிற ரத்தம் திரும்பி வர வேண்டாமா?

மூளைக்கு ரத்தம் போவதைப் பற்றித்தான் நாம் நிறைய கேள்விப்படுகிறோம். அது அடைத்தால் பக்கவாதம். ஆனால், போன ரத்தம் திரும்பவும் வர வேண்டும். அப்படித் திரும்பக் கொண்டுவரும் ரத்தக்குழாய்களுக்குச் சிரைகள் என்று பெயர். மூளையின் சின்னச் சின்னச் சிரைகள் எல்லாம் ஓடிவந்து சில பெரிய கால்வாய்களில் சேரும். அதில் முக்கியமான ஒன்று எங்கே இருக்கிறது தெரியுமா? நேர்வகிடு எடுப்பீர்களே, அந்தக் கோட்டுக்கு நேர் கீழே, மண்டை ஓட்டின் உள்பக்கம். நெற்றியிலிருந்து பின்மண்டை வரைக்கும் நீளமாக ஓடுகிறது. அங்கிருந்து இடம், வலம் எனப் பிரிந்து, காதுகளின் பின்புறமாக வளைந்து, கழுத்துச் சிரை வழியாக இதயத்துக்கு இறங்குகிறது.

இந்தக் கால்வாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால், வெளியேற வேண்டிய ரத்தம் மூளைக்குள்ளேயே தேங்கும். உள்ளே வரும் பாதை திறந்தே இருக்கிறது, வெளியே போகும் பாதை மட்டும் மூடிக்கிடக்கிறது. அழுத்தம் ஏறும். நீர் கசிந்து மூளை வீங்கும். ஒரு கட்டத்தில் சின்ன ரத்தக்குழாய்கள் தாங்காமல் வெடித்து ரத்தக்கசிவும் வரலாம். தெருவில் சாக்கடை அடைத்தால் தண்ணீர் வீட்டுக் குளியலறையில் எதிர்த்து வருமே, கிட்டத்தட்ட அதே கதைதான்.

இங்கே ஒரு குழப்பத்தைச் சொல்லியாக வேண்டும். மூளையின் இந்தக் கால்வாய்களுக்கு மருத்துவத்தில் 'சைனஸ்' என்றுதான் பெயர். அதனால் ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'சைனஸ் த்ராம்போசிஸ்' என்று வரும். அதைப் பார்த்துவிட்டு 'ஓ, சைனஸ் பிரச்னைதான்... ஆவி பிடிச்சா சரியாப்போயிடும்' என்று நினைக்கிறவர்கள் உண்டு. மூக்கைச் சுற்றியிருக்கும் சைனஸுக்கும் இதற்கும் பெயரில் மட்டும்தான் ஒற்றுமை. ரிப்போர்ட்டில் அந்த வார்த்தையைப் பார்த்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்க.

இது வயதானவர்களுக்கு வரும் நோய் இல்லை

நமக்குத் தெரிந்த பக்கவாதம் பெரும்பாலும் தாத்தா, பாட்டி வயதில், சட்டென்று ஒரு நொடியில் வரும். இது அப்படி இல்லை. இளைஞர்களையும் நடுத்தர வயதுக்காரர்களையும்தான் அதிகம் பிடிக்கிறது. நாள் கணக்கில் மெதுவாக ஏறும். 21 நாடுகளின் 89 மருத்துவமனைகளில் 624 நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வு 2004-ல் வெளியானது. அதில் பத்தில் ஒன்பது பேருக்குத் தலைவலி இருந்தது. பத்தில் நாலு பேருக்கு வலிப்பு வந்திருந்தது. நோயாளிகளில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். அறிகுறி தொடங்கி, இதுதான் நோய் என்று கண்டுபிடிக்க சராசரியாக ஒரு வாரம் ஆகியிருக்கிறது.

அந்த 624 பேரில் 79 சதவிகிதம் பேர் முழுசாகவோ கிட்டத்தட்ட முழுசாகவோ குணமானார்கள். நல்ல செய்தி. ஆனால், யாருக்கெல்லாம் நிலைமை மோசமாகப் போனது என்று பிரித்துப் பார்த்தபோது, அந்தப் பட்டியலில் புற்றுநோய் இருந்தவர்களும் இருந்தார்கள்.

நம்ம நாட்டில் படம் கொஞ்சம் மாறுகிறது. முன்பெல்லாம் இங்கே பிரசவத்துக்குப் பிறகு பெண்களுக்கு வரும் நோயாகத்தான் இதைப் பார்த்தார்கள். ஹைதராபாத் நிஜாம் மருத்துவ நிறுவனத்தில் 428 நோயாளிகளைப் பற்றி 2012-ல் வெளியான ஆய்வில், பெண்களைவிட ஆண்கள்தான் அதிகம். குடிப்பழக்கம், ரத்தசோகை எல்லாம் காரணங்களின் வரிசையில் வந்தன.

பொதுவாகப் பார்த்தால் இது அரிய நோய். நெதர்லாந்து கணக்குப்படி வருடத்துக்கு லட்சம் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோதான் வருகிறது. அதே நாட்டு ஆய்வாளர்கள் முன்னின்று 2018-ல் வெளியிட்ட ஓர் ஒப்பீட்டு ஆய்வுதான் நம்ம விஷயத்துக்கு முக்கியம். ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களுக்கு, மூளைச் சிரையில் ரத்தக்கட்டி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 25 மடங்கு அதிகம் என்று அதில் தெரிந்தது. புற்றுநோய் என்று தெரியவந்த முதல் வருடத்தில் ஆபத்து இதைவிடவும் அதிகம். மற்ற உறுப்புகளில் வரும் புற்றுநோய்க்கு இது மூன்று மடங்குதான்.

ரத்தம் கசியும் நோயில் ரத்தம் எப்படி உறையும்?

ரத்தப் புற்றுநோய் என்றதும் எல்லோருக்கும் பிளேட்லெட் ஞாபகம் வந்துவிடும். பல் ஈறில் ரத்தம், மூக்கில் ரத்தம், தோலில் சிவப்புப் புள்ளி. அதனால், 'ரத்தம் வரக் கூடாது, அடிபடக் கூடாது' என்பதில்தான் குடும்பத்தின் மொத்தக் கவனமும் இருக்கும். ரத்தம் உறையும் என்று யாரும் எதிர்பார்ப்பதே இல்லை. ஆனால் பிளேட்லெட் குறைவாக இருக்கும்போதே இன்னொரு பக்கம் ரத்தம் உறையவும் முடியும். ரெண்டும் ஒரே நேரத்தில் ஒரே உடம்பில் நடக்கும். இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியாவை எடுத்துக்கொள்வோம். குழந்தைகளுக்கும் டீன் ஏஜ் வயதினருக்கும் அதிகம் வருவது இது. இதன் சிகிச்சையில் அஸ்பராஜினேஸ் என்று ஓர் ஊசி உண்டு. இந்த மருந்தின் பிறப்பே சுவாரஸ்யமானது. 1953-ல் நியூயார்க்கில் ஜான் கிட் என்ற ஆய்வாளர், புற்றுக்கட்டி உள்ள எலிகளுக்கு கினிப் பன்றியின் ரத்த நீரைச் செலுத்தியபோது கட்டி கரைந்துபோனது. அந்த ரத்த நீரில் இருந்த எந்தப் பொருள் இதைச் செய்கிறது என்று தேடிப்போய்க் கண்டுபிடித்ததுதான் இந்த அஸ்பராஜினேஸ். புற்று அணுக்களுக்குத் தேவையான அஸ்பராஜின் என்ற சத்தை ரத்தத்திலிருந்தே இது அழித்துவிடும். அவை பட்டினியில் சாகும்.

சிக்கல் எங்கே என்றால், பட்டினி கல்லீரலையும் பாதிக்கிறது. ரத்தம் தேவையில்லாமல் உறையாமல் தடுக்கும் ஆன்டித்ராம்பின் போன்ற புரதங்களைத் தயாரிப்பது கல்லீரல்தான். அந்தத் தயாரிப்பு குறைகிறது. இதோடு சிகிச்சையின் முதல் மாதத்தில் ஸ்டீராய்டும் கொடுக்கிறார்கள், மருந்து ஏற்றுவதற்குப் பெரிய சிரையில் குழாய் போட்டிருக்கிறார்கள், வாந்தியால் உடம்பில் தண்ணீரும் வற்றிப்போகிறது. எல்லாம் ஒன்று சேரும் அந்த முதல் ஒன்றிரண்டு மாதங்கள்தான் ஆபத்தான காலம். அஸ்பராஜினேஸ் சிகிச்சையில் இருக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்று பேர் வரை மூளைச் சிரையில் ரத்தக்கட்டி வருவதாகச் சொல்கிறார்கள். பெரியவர்களுக்கும் வருகிறது.

அதனால் அந்த மருந்தே வேண்டாம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இந்த லுகேமியா இன்றைக்கு நிறைய குழந்தைகளுக்கு முழுசாகக் குணமாகிறது என்றால், அதற்கு இந்த ஊசியும் ஒரு முக்கியக் காரணம். ரத்தக்கட்டி வந்தவர்களுக்குக்கூட, அதைக் கட்டுப்படுத்திய பிறகு, ரத்தத்தை இளக்கும் மருந்தோடு சேர்த்து அஸ்பராஜினேஸை மறுபடியும் தொடங்குவதுண்டு.

அக்யூட் ப்ரோமைலோசைட்டிக் லுகேமியா என்று ஒரு வகை இருக்கிறது. ரத்தக்கசிவும் ரத்த உறைவும் சேர்ந்தே வரும் விசித்திரமான நோய். சிகிச்சை தொடங்கும் முதல் சில நாள்கள்தான் கண்டம். அதைத் தாண்டிவிட்டால் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம். இந்த நோயை ஆர்சனிக் ட்ரையாக்ஸைடு என்ற ஒரே மருந்தால் குணப்படுத்த முடியும் என்று 72 நோயாளிகளை வைத்து 2006-ல் உலகத்துக்குச் சொன்னது, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. ஆமாம், பாஷாணம்தான்! மல்டிபிள் மைலோமாவுக்குக் கொடுக்கும் தாலிடமைடு, லெனலிடமைடு மாத்திரைகளும் ஸ்டீராய்டோடு சேரும்போது ரத்தத்தை உறைய வைக்கும். அதற்காகவே கூடவே ஆஸ்பிரின் எழுதிக்கொடுப்பார்கள். 'இதயத்துக்குத்தானே இந்த மாத்திரை, எனக்கெதுக்கு?' என்று நிறுத்திவிடாதீர்கள்.

'உடம்புல நல்ல ரத்தம் ஓடுது!'

இதுவரை சொன்னதெல்லாம், தனக்குப் புற்றுநோய் இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு. தெரியாமலே இருப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு மூளையில் வரும் ரத்தக்கட்டிதான் முதல் தகவலே.

பாலிசைத்தீமியா வீரா. எலும்பு மஜ்ஜை கணக்கில்லாமல் சிவப்பணுக்களைத் தயாரித்துத் தள்ளும் நோய். மெதுவாகப் போகும் ரத்தப் புற்றுநோய் வகைகளில் ஒன்று. ரத்தம் கெட்டியாகிவிடும். நம்ம ஊரில் ஹீமோகுளோபின் குறைந்தால்தான் பயப்படுவோம். மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் 18 என்று வந்தால், 'பாருய்யா, பீட்ரூட்டும் பேரீச்சையும் சாப்பிட்டதுக்கு பலன்' என்று சந்தோஷப்பட்டுக் கோப்பை மூடிவிடுவோம். ஆண்களுக்கு 16.5-க்கு மேல், பெண்களுக்கு 16-க்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால், ஏன் என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். சிகரெட் பிடிப்பவர்களுக்கும், தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறவர்களுக்கும், உடம்பில் தண்ணீர் குறைந்தவர்களுக்கும்கூட இப்படி ஏறலாம். எல்லாம் புற்றுநோய் இல்லை. ஆனால், குளித்து முடித்ததும் உடம்பெல்லாம் அரிப்பு, முகமும் உள்ளங்கையும் சிவந்துபோவது, விரல் நுனியில் எரிச்சல், அடிக்கடி தலைவலி இதெல்லாம் சேர்ந்து இருந்தால் ரத்தவியல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

இந்த நோய்க்குப் பின்னால் இருக்கும் ஜாக்-2 மரபணு மாற்றத்தை 2005-ல் கண்டுபிடித்தார்கள். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். காரணமே தெரியாமல் மூளைச் சிரையில் ரத்தக்கட்டி வந்தவர்களிடம் இந்தப் பரிசோதனையைச் செய்யும்போது, சிலருக்கு அதில்தான் விடை கிடைக்கிறது. ரத்த அணு எண்ணிக்கை இன்னும் ஏறாத நிலையிலும் மரபணு மாற்றம் இருக்கலாம். பிளேட்லெட் அளவுக்கு மீறி ஏறும் எசென்ஷியல் த்ராம்போசைத்தீமியாவும் இதன் பங்காளிதான்.

சிகிச்சை கேட்டால் ஆச்சர்யப்படுவீர்கள். ரத்ததானம் செய்வதுபோல அவ்வப்போது ரத்தத்தை எடுத்து விடுவார்கள், கூடவே குறைந்த அளவு ஆஸ்பிரின். தேவைப்பட்டால் ஹைட்ராக்சியூரியா மாத்திரை. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கை 45 சதவிகிதத்துக்குக் கீழே வைத்திருந்தால், மாரடைப்பும் ரத்தக்கட்டிகளும் நன்றாகக் குறைகின்றன என்று 2013-ல் இத்தாலியில் 365 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு காட்டியது.

எந்தத் தலைவலிக்கு ஓட வேண்டும்?

எல்லாத் தலைவலியும் இது இல்லை. கீமோதெரபி எடுக்கிறவர்களுக்குத் தூக்கமின்மை, ரத்தசோகை, காய்ச்சல் என்று தலைவலிக்கு ஆயிரம் காரணம் இருக்கும். ஆனால் இந்தத் தலைவலிக்கென்று சில குணங்கள் உண்டு. இதுவரை வராத மாதிரி புதுசாக இருக்கும். நாளுக்கு நாள் ஏறும். படுத்தால் அதிகமாகும், விடியற்காலையில் எழுப்பிவிடும். இருமினால், குனிந்தால், முக்கினால் மண்டை பிளக்கும். கண் மங்கும், ஒன்று ரெண்டாகத் தெரியும். வாந்தி வரும். கொஞ்சம் பேருக்கு இடி விழுந்த மாதிரி சட்டென்றும் வரலாம். அதற்கு அப்புறம் வலிப்பு, ஒரு பக்கம் கை கால் மரத்துப்போவது, பேச்சு குழறுவது, ஆளே மந்தமாகிப்போவது. இவ்வளவும் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. சிலருக்குக் கடைசி வரை தலைவலி ஒன்று மட்டும்தான் இருக்கும்.

ஒரு விஷயத்தை மட்டும் குறிப்பாகக் கவனிங்க. லுகேமியா சிகிச்சையில் முதுகுத்தண்டில் ஊசி போட்டு மருந்து செலுத்துவார்கள். அதற்குப் பிறகு சில நாள் தலைவலி வருவது சகஜம். அந்தத் தலைவலி உட்கார்ந்தால், நின்றால் அதிகமாகும், படுத்தால் குறையும். 'முதுகுல ஊசி போட்டா அப்படித்தான் இருக்கும், படுத்துக்கோ' என்று வார்டில் எல்லோரும் சொல்வார்கள். சரிதான். ஆனால், ரெண்டு மூணு நாள் கழித்துப் படுத்தாலும் வலி குறையவில்லை என்று தலைவலியின் குணமே மாறினால், அதை அப்படியே இந்த வார்த்தைகளில் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். 'தலை வலிக்குது' என்பதைவிட, 'முன்னாடி படுத்தா கொறஞ்சுது, இப்ப படுத்தாலும் கொறையல' என்பது அவருக்கு நூறு மடங்கு பயனுள்ள தகவல்.

மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக மாத்திரை வாங்கிப் போட வேண்டாம். பிளேட்லெட் குறைந்திருக்கும்போது புரூஃபன் மாதிரி வலி மாத்திரைகள் ரத்தக்கசிவை உண்டாக்கலாம். பாராசிட்டமால் காய்ச்சலை மறைத்துவிடும். கீமோ எடுக்கிறவர்களுக்குக் காய்ச்சல் என்பது தனி எமர்ஜென்சி.

சி.டி. நார்மல்னா எல்லாம் நார்மலா?

இல்லை. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். அவசர சிகிச்சைப் பிரிவில் முதலில் எடுப்பது மருந்து செலுத்தாத சாதாரண சி.டி. ஸ்கேன். மூளைச் சிரை அடைப்பு உள்ளவர்களில் பத்தில் மூன்று பேருக்குத்தான் அதில் ஏதாவது மாற்றம் தெரியும். மற்றவர்களுக்கு நார்மல் என்றே வரும். குடும்பமும் நிம்மதியாக வீட்டுக்குக் கிளம்பிவிடும். ரத்தம் திரும்பும் பாதையைப் பார்க்கவென்றே சி.டி. வெனோகிராம், எம்.ஆர். வெனோகிராம் என்று தனியாக இருக்கின்றன. எம்.ஆர்.ஐ. எடுக்கும்போதே சேர்த்து எடுத்துவிடலாம். ஆனால் எடுக்கச் சொல்லி டாக்டர் எழுத வேண்டும், எழுத வேண்டுமென்றால் சந்தேகம் வர வேண்டும், சந்தேகம் வர வேண்டுமென்றால் இவருக்கு ரத்தப் புற்றுநோய் சிகிச்சை நடக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். ராத்திரி ரெண்டு மணிக்கு டியூட்டியில் இருப்பவருக்கு அது உங்கள் நெற்றியில் எழுதியிருக்காது.

நோயாளியின் டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி ரத்தப் பரிசோதனை, எந்த ஊசி என்றைக்குப் போட்டார்கள் என்ற சீட்டு, இந்த மூன்றையும் போட்டோ எடுத்து உங்க போனில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருத்தர் போனில் மட்டும் இருந்தால் போதாது, அந்த ஆள் ஷிஃப்டில் இருப்பார். கேஷுவாலிட்டியில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "இவருக்கு லுகேமியாவுக்கு சிகிச்சை நடக்குது. இந்தத் தேதியில அஸ்பராஜினேஸ் போட்டிருக்காங்க. இத்தனை நாளா புதுசா தலைவலி. மூளையோட வெயின்ல கட்டி இருக்குமான்னு பார்க்கணுமா சார்?" தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மூளையில் ரத்தம் கசிந்திருக்கும்போதே ரத்தத்தை இளக்குவதா?

சிகிச்சையில் குடும்பங்கள் மிரண்டுபோகும் இடம் இது. ஸ்கேனில் மூளையில் ரத்தக்கசிவு தெரிகிறது. ஆனால் டாக்டர் ஹெப்பாரின் போடச் சொல்கிறார். ரத்தம் உறையாமல் செய்யும் ஊசி! 'ஏற்கெனவே ரத்தம் கசியுது, இதையும் போட்டா?' என்று கையெழுத்துப் போட மறுப்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். டாக்டர்களுக்கே ஒரு காலத்தில் இருந்த பயம் அது.

1991-ல் ஜெர்மனியில் 20 நோயாளிகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். பத்துப் பேருக்கு ஹெப்பாரின், பத்துப் பேருக்கு வெறும் போலி மருந்து. ஹெப்பாரின் பெற்றவர்களில் எட்டுப் பேர் முழுசாகக் குணமானார்கள், மீதி ரெண்டு பேருக்குச் சின்னக் குறை மட்டும். போலி மருந்து பெற்றவர்களில் ஒருவர் மட்டுமே முழுசாகத் தேறினார், மூன்று பேர் இறந்தார்கள். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் சோதனையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். இங்கே ரத்தம் கசிவதே அடைப்பினால் ஏறிய அழுத்தத்தால்தான். அடைப்பு வளராமல் தடுத்தால் கசிவும் அடங்கும்.

ரத்தப் புற்றுநோயாளிகளுக்கு மட்டும் இதில் கயிற்றின் மேல் நடக்கிற வித்தை தேவைப்படுகிறது. பிளேட்லெட் 50,000-க்குக் கீழே இறங்கினால் ஹெப்பாரின் அளவைக் குறைப்பார்கள், சில சமயம் பிளேட்லெட் ஏற்றிக்கொண்டே ஊசியைத் தொடர்வார்கள், மிகக் குறைந்துவிட்டால் நிறுத்திவைப்பார்கள். இது தினம் தினம் ரத்தம் எடுத்துப் பார்த்து எடுக்கும் முடிவு. அதனால்தான் ரத்தவியல் மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும் பேசிக்கொள்ளக்கூடிய இடத்தில் இந்தச் சிகிச்சை நடப்பது நல்லது.

அந்த விஷயத்தில் வாலாஜாபேட்டைக்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள் என்றுதான் சொல்வேன். மாவட்ட அரசு தலைமை மருத்துவமனையே ஊரில் இருக்கிறது. 2022-ல் திறந்த கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ராணிப்பேட்டை வளாகத்தில் ரத்தவியல், நரம்பியல் இரண்டு துறைகளுமே இயங்குகின்றன. கொல்கத்தாவிலிருந்து ரெண்டு நாள் ரயிலில் வந்து காட்பாடியில் இறங்குகிறவர்கள் தேடிவரும் இடம், இங்கிருந்து பஸ் ஏறினால் வந்துவிடும் தூரத்தில் இருக்கிறது. பக்கத்தில் இருப்பதாலேயே 'நாளைக்குப் போய்க்கலாம்' என்று தள்ளிப்போடுவதும் நாம்தான்.

வேலூரில் இந்த நோய்க்கு நீண்ட அனுபவம் இருக்கிறது. 2002 முதல் 2011 வரை பத்து வருடத்தில் அங்கே 587 பேருக்கு மூளைச் சிரை அடைப்பு கண்டறியப்பட்டது. காரணங்கள் பலவகை, புற்றுநோய் மட்டும் அல்ல. அவர்களில் 44 பேருக்கு மூளை வீங்கி உயிர் போகும் நிலை. மண்டை ஓட்டின் ஒரு பகுதியைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு, வீங்கிய மூளைக்கு இடம் கொடுக்கும் அறுவை சிகிச்சையைச் செய்தார்கள். ஐந்தில் நாலு பேர் பிழைத்தார்கள். பிழைத்தவர்களில் பெரும்பாலானோர் தங்கள் வேலையைத் தாங்களே செய்துகொள்ளும் அளவுக்குத் தேறினார்கள். எடுத்த எலும்பைப் பிற்பாடு திரும்ப வைத்துவிடுவார்கள். 'மண்டையைத் திறக்கணும்' என்று கேட்டதும் நம்பிக்கை இழந்து வீட்டுக்கு அழைத்துப்போக நினைப்பவர்களுக்காக இந்தக் கணக்கைச் சொல்கிறேன்.

தோல் கம்பெனி வேலைக்கும் இதற்கும் சம்பந்தமா?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ரத்தப் புற்றுநோய் என்று பேச்செடுத்தாலே இந்தக் கேள்வி வரும். நேரடியாக மூளைச் சிரை அடைப்புக்கும் தோல் தொழிலுக்கும் தொடர்பு சொல்ல முடியாது. டேனரிகளில் பேசப்படும் குரோமியத்தின் கெட்ட வடிவம் நுரையீரல் புற்றுநோயோடு தொடர்புடையது. ரத்தப் புற்றுநோய் என்று வரும்போது பார்க்க வேண்டிய பொருள் வேறு: பென்சீன். இஸ்தான்புல்லில் சிறிய பட்டறைகளில் பென்சீன் கலந்த பசையை வைத்து ஷூ ஒட்டிய தொழிலாளர்களில் 26 பேருக்கு லுகேமியா வந்ததை, முசாஃபர் அக்சோய் என்ற துருக்கி மருத்துவர் 1974-ல் பதிவுசெய்தார். அந்தப் பசை அங்கே புழக்கத்திலிருந்து போனதும் புதிதாக வருபவர்களும் குறைந்தார்கள். ஷூ கம்பெனியில் பசை தடவும் பிரிவில் வேலை என்றால், டின்னில் என்ன கரைப்பான் என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள், காற்று வெளியேற்றும் மின்விசிறி ஓடுகிறதா என்று கேளுங்கள். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பீஸ் ரேட்டுக்கு ஒட்டிக்கொடுப்பதுதான் எனக்கு இன்னும் கவலையாக இருக்கிறது.

வெயில்தான் நம்ம ஊரின் உண்மையான வில்லன். உடம்பில் தண்ணீர் வற்றினால் ரத்தம் உறைவது எளிதாகும். ஏப்ரல், மே மாத வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கீமோ முடிந்து வீட்டுக்கு வந்தவருக்கு வாந்தி, பேதி இருந்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் உள்ளே நிற்கவில்லை என்றால், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீர்கள். டிரிப்ஸ் போட்டுக்கொள்ளப் போய்விடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

ஊசிக்குப் பிறகு மாத்திரைக்கு மாற்றுவார்கள். வார்ஃபரின் என்றால் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையை 2-க்கும் 3-க்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும். கீரை சாப்பிடவே கூடாது என்பதில்லை. ஒரு வாரம் தினமும் கீரை, அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்று தாறுமாறாகச் சாப்பிடக் கூடாது, அவ்வளவுதான். புதிய வகை மாத்திரைகளுக்கு இந்தப் பரிசோதனை தேவையில்லை, ஆனால் ஒருவேளைகூடத் தவறக் கூடாது. பொதுவாக மூன்று மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை. புற்றுநோய் சிகிச்சை தொடரும் வரைக்கும் நீளலாம். வலிப்பு வந்திருந்தால் அதற்கும் மாத்திரை உண்டு, டாக்டர் சொல்லும் வரை பைக் சாவியைத் தொடக் கூடாது.

பெண்களுக்கு ஒரு விஷயம். கோயில் திருவிழா, வீட்டுக் கல்யாணம் என்றால் பீரியட்ஸைத் தள்ளிப்போட மெடிக்கல் ஷாப்பில் சீட்டே இல்லாமல் மாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கருத்தடை மாத்திரைகள் இந்த ரத்தக்கட்டிக்குத் தெரிந்த காரணங்களில் முக்கியமானவை. பீரியட்ஸைத் தள்ளிப்போடும் ஹார்மோன் மாத்திரைகளும் அதிக அளவில் எடுக்கும்போது பாதுகாப்பானவை இல்லை. ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் பெண்ணுக்கோ, ஒருமுறை ரத்தக்கட்டி வந்து குணமானவருக்கோ அந்த மாத்திரையைக் கொடுப்பதற்கு முன்னால் டாக்டரைக் கேட்டே ஆக வேண்டும். கடைக்காரர் கேட்க மாட்டார். குழந்தைக்குத் திட்டமிடும்போதும் மகப்பேறு மருத்துவரிடம் பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். கர்ப்ப காலத்திலும், பிரசவமான முதல் ஆறு வாரத்திலும் ஹெப்பாரின் ஊசி தேவையா என்று அவர் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியிருக்கும்.